ஊக்கு

மின்வாரியத்தில் நீள வரிசை.
மிக்ஸி ஜாருக்கு "நாளைக்கு வாங்க."
வங்கியில் பாஸ்புக் அச்சடிக்கும் மிஷின் பழுது.
மூன்று வேலையில் ஒன்றை முடித்துவிட்டு
வண்ணார்பேட்டை வெயிலில் இறங்கினால்
இடது செருப்பின் வார் பிய்ந்துவிட்டது.

தைக்கிறவர் கடை பூட்டிக் கிடந்தது.
தார் கொதித்தது.
பையைத் துழாவினேன்.
ரேஷன் அட்டையோடு மாத்திரைச் சீட்டைச் சேர்த்து
பேராச்சி மைனி மாட்டியிருந்த ஊக்கு
விரலில் ஏறியது.

வாரில் அதைக் கோத்து
தரையைத் தேய்த்துத் தேய்த்து பஸ் பிடித்தேன்.
கிருபாகரன் போனில்:
"அத்த, ஸ்டாப்புல வண்டியோட நிக்கேன்,
நடந்து வந்திராதீய."
செருப்பு விஷயம் அவனுக்குத் தெரியாது.
வெயிலாம், அதனால் வந்தானாம்.

எனக்கென்று எடுத்து மூடிய கூட்டாஞ்சோறு.
மேலே வைத்த அப்பளம்
நமுத்துப்போயிருந்தது. அதையும் தின்றேன்.

மைனி கேட்டது ஒன்றே ஒன்று:
"ஏட்டி, என் ஊக்க எங்க?"
காலைத் தூக்கிக் காட்டினேன்.
"சவத்த நீயே வச்சுக்கோ"
சிரித்ததில் கையிலிருந்த கரண்டி ஆடியது.

சாயங்காலம் பால் வாங்கப் போனவள்
ஒரு அட்டை ஊக்கும் வாங்கினேன், பன்னிரண்டு.
மைனியின் வளையல் டப்பாவில்
சத்தமில்லாமல் போட்டது பதினொன்று.

ஒன்று என் பையில் கிடக்கட்டும்.
எவள் வாராவது
எங்காவது அறும்.