இரண்டாவது கோடு

கொடிகாமத்தில் கரண்ட் போய்ப் பதினொரு நிமிடம்.
இன்வேட்டர் பிடித்துக்கொண்டது; திரை அணையவில்லை.
மூவாயிரத்து நூறு மீற்றர் ஆழத்தில்
மஞ்சள் வண்டியொன்று நேற்று ஓடியதை
இன்று இரவு நான் திரும்ப ஓட்டுகிறேன்.

ஆளில்லை அதில். கயிறும் இல்லை.
கடலடிக்கு அறுபது மீற்றர் மேலே
நேராகப் போய், திரும்பி,
ஐம்பது மீற்றர் தள்ளி
மறுபடி நேராக வந்து
பதினாறு மணிநேரம்.
கப்பலுக்கு அது கொண்டுவந்து கொடுத்தது
எண்களை மட்டும்.
சென்சர் விக்கிய இடங்களை நான் துடைப்பேன்.
அதற்குத்தான் சம்பளம்.

யசோமலர் மச்சாள் ஈரத்தலையோடு
பின்னால் வந்து நின்றாள்.
நாலரைக்கு அவளுடைய லொறி வரும்.
முகமாலையில் இன்னும் முடியாத காணி.
"இது எங்கட லேன் எல்லே," என்றாள்.
"எங்களுக்கு ஒரு மீற்றர். உனக்கு ஐம்பதோ?
விட்டுப்போகாதோ?"
"விட்டுப்போகும்.
விட்டால் ஒருத்தரும் சாகமாட்டினம்."
அவள் சிரிக்கவில்லை.

எது சத்தம் போடும் என்று கேட்டாள்.
எதுவும் போடாது.
முந்நூற்றைம்பது பாகையில் கொதித்து வெளியேறும் நீர்
வண்டி கடக்கும் உயரத்துக்கு வருவதற்குள்
ஒரு பாகையை நூறாகக் கிழித்து
அதில் நாலு துண்டு.
அவ்வளவுதான் மிச்சம்.

நீலக் கோடு கலங்கல்.
அது கிலோமீற்றர் கணக்கில் போகும்,
ஆர் சொன்னதென்று தெரியாமல்
சந்தைக்குள் சுற்றும் கதையைப்போல.
அதை நம்பி இறங்கினால் வெறும் பாறை.
கறுப்புக் கோடு தாழ்த்தேற்றம்.
ஊற்றின் வாயருகே மட்டும் விழும்.
கொஞ்சம் விலகினாலும்
கடல் அந்தச் செய்தியைத் தின்றுவிடும்.

பத்தொன்பதாம் ஓட்டத்தில் நீலம் வீங்கியது.
இருபது. இருபத்தொன்று.
கறுப்பு, மேசை விளிம்புபோல் நேராக.
எனக்குக் கண் சொருகியது.
இருபத்துமூன்றில்

"நில்."

வீட்டில் நான் கேட்டிராத குரல்.
கை உயர்ந்திருந்தது, விரல்கள் விரிந்து.
"பின்னால போ. மெல்ல."
போனேன்.
கறுப்பு விழுந்துகிடந்தது
கிணற்றுக்குள் வாளி விட்டதுபோல்.
அடுத்த ஓட்டத்திலும் விழுந்தது, சற்றுக் குறைவாக.
அதற்கடுத்ததில் இல்லை.

எழுதுகோல் டப்பாவிலிருந்து
சிவப்பு மூடிப் பேனையை எடுத்து
திரைக்கு முன்னால் மேசையில்
நிறுத்தி வைத்தாள்.

"அங்க என்ன இருக்கும்?"
"கரும்புகைபோலக் கொதிதண்ணி.
பக்கத்தில இறால், கண்ணில்லாதது.
அல்லது ஒண்டும் இல்லை,
கமரா இறங்கினால்தான் தெரியும்."
"இறால் உயிரோடையோ?"
"உயிரோடைதான்."
நிலத்தில் இருந்து முழங்கால்களைத் தேய்த்தாள்.
இரண்டிலும் ஒரே இடத்தில் காய்ப்பு.
"கண்டு பிடிச்சதைக் கிளப்பி எடுக்கமாட்டினமோ?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
நான் எண்களைத் துடைப்பவள்.

கரண்ட் வந்தது.
மின்விசிறிக் காற்றில் பேனை சரிந்து
உருண்டு விழுந்தது.
எழுந்துவந்து
அதே புள்ளியில்
திரும்ப நட்டாள்.