பதினேழு டிகிரி

ஒத்திகைக்குக் கிடைத்தது
ழான் தலோன் தெருச் சலவைக்கடையின் பின்னறை.
உலர்த்திகள் சுழலும் இரைச்சலுக்கு மேலே
கத்திக் கத்தியே எனக்குக் கருமியின் குரல் வந்தது.

முந்நூற்றைம்பது வருஷப் பழைய பிரெஞ்சு நகைச்சுவை.
பொய்முடிப் பிரபுக்கள் பார்த்துச் சிரித்தது.
மூலத்தில் அவன் மெழுகுவர்த்தி எண்ணுகிறவன்.
மயூரதி அதை வெட்டிவிட்டு
'தெர்மோஸ்டாட்டுக்குப் பூட்டுப் போடுகிறவன்'
என்று எழுதினாள்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
எங்கள் ஆறு பேருக்கும் வீட்டுக்காரர் ஒருவர்தான்,
குகதாசன்.

பன்னிரண்டு அசையில் மிடுக்காக நடந்த வரிகள்
தமிழுக்குள் வரும்போது
வாசலிலேயே செருப்பைக் கழற்றின.
'உலோபி' என்றால் பள்ளிக்கூடப் புத்தகம் மணக்கிறது.
'கஞ்சன்' என்றால் காரம் போதவில்லை.
வேலைக்காரி வேஷம் போட்ட துஷ்யந்திதான்
கடைசியில் வாய் திறந்தாள்:
'எச்சில் கையாலே காகம் துரத்தாதவன்.'

விளக்குப் போட வந்த ஜிஸ்லேன் அர்த்தம் கேட்டாள்.
கையை உதறிக் காட்டினோம்.
உதறினால் பருக்கை விழும்,
விழுந்தால் காகத்துக்கு இலாபம்.
சிரித்து முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.
பிறகு தன் தகப்பனின் பெயரைச் சொன்னாள்.

எனக்கு மீசை.
ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவி
ஓடிவந்து ஒட்டினால்
வியர்வையில் உதட்டுக்கு இறங்கும்.
நடைக்கு வேறு யாரைப் பார்ப்பது?
முதலாம் தேதி வாசலில் நிற்பவரைப் பார்த்தேன்.
வலது கை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டு மீளும்.
காசோலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கும்.
'உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்' என்று
எந்தத் தீமையும் தொடங்கும்.

பெப்ரவரி.
தேவாலய நிலவறை, நூற்றிருபது மடிப்புக் கதிரைகள்.
மூன்றாம் வரிசையில் குகதாசன், மனைவியோடு,
இரண்டும் இலவச டிக்கெட்.

கழுத்தில் சாவி தொங்க மேடைக்கு வந்தேன்.
'பதினேழு டிகிரி. பதினெட்டு என்றால்
அது சுகபோகம், பிள்ளைகாள்!'
மண்டபம் வெடித்தது.
எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் அவர்தான்.
தொடையில் அடித்து, மனைவி பக்கம் சாய்ந்து,
'அப்படியே என்ர மச்சான், லவாலில இருக்கிறவன்!'

எனக்குக் கேட்டது.
அடுத்த வரி போய்விட்டது.
திரைக்குப் பின்னால் மயூரதி வாயசைப்பது தெரிகிறது,
சொல் தெரியவில்லை.
அந்த இடைவெளியில் என் வலது கை
தானாகவே சட்டைப்பைக்குப் போயிற்று.
அதற்கும் சிரித்தார்கள்.

பைக்குள் நாடகக் காசு இல்லை.
அவசரத்தில் நானே செருகிய முந்நூறு டொலர்.
போன கிழமை தங்கச்சி கேட்டபோது
'சத்தியமா இல்லையடி' என்றேனே, அது.
ஐந்தாம் வரிசையில் அவள்
கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள்.
கையை வெளியே எடுக்க நேரமாயிற்று.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
கைதட்டல் மட்டும் நீண்டது.

பழைய நகைச்சுவை,
கடைசிக் காட்சியில் எல்லோருக்கும் கல்யாணம்,
எல்லாருக்கும் மன்னிப்பு.
குனிந்து எழும்பும்போது மீசை விழுந்தது.

மார்ச் முதலாம் தேதி குகதாசன் வந்தார்.
'நல்ல நடிப்பு பிள்ளை. எங்கை பிடிச்சனீர் அந்த நடையை?'
காசோலையை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
போகும்போது சாவியைத் திருப்பிப் பதினெட்டு வைத்தார்.
'நாடகத்துக்காக இல்லை.
குழாய் உறைஞ்சா எனக்குத்தான் செலவு.'

முந்நூறு
இன்னும் மீசை டப்பாவுக்குள்தான்.