எட்டாயிரம் கனஅடி

பிலிகுண்டுலுவில் அளவுகோல் பார்க்கிற முனிரத்தினம்
நாலு மணிக்குப் போனை எடுத்தார்.
"எட்டாயிரத்து நூறு. ஏம்மா, நீங்க தூங்கவே மாட்டீங்களா?"

ஆறாயிரம் என்றால் பாறை பல்லைக் காட்டும்.
பத்தாயிரம் என்றால் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு
ஆறு ஒரே செம்மண் பாயாக ஓடும்.
இடையில் எப்போதாவது,
மேலே கர்நாடகத்தில் முகம் தெரியாத ஒருவர்
மதகை ஒரு திருகு கூடத் திருப்பிவிட்ட நாளில்
ராசிமணலுக்குப் பக்கத்துக் கரும்பாறை மேல்
ஓர் அலை எழுந்து நிற்கும்.

நிற்கும் என்றுதான் சொல்கிறேன்.

டெல்வினுக்கு அது புரிய இரண்டு மாதம் ஆனது.
முட்டத்துக்காரன். அலையென்றால் அவனுக்கு வரவேண்டும்,
வந்து, தூக்கி, கரையில் போட்டுவிட்டுச் சாகவேண்டும்.
முதல் நாள் தண்ணீரில் கிடந்தபடி
திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தான்.
"எப்ப வரும்?"
"வந்தாச்சுடா. அதுமேலதான் கெடக்கற."
புரிவதற்குள் கவிழ்ந்தான்.
உப்பில்லாத தண்ணி ஆளைத் தாங்காது என்று
பல் கிட்டிக்க ஆற்றின் மேல் குற்றம் சொன்னான்.

ஓசூரிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல்.
மார்கழி. தேன்கனிக்கோட்டை பனிக்குள் இருந்தது.
அஞ்செட்டியோடு சிக்னல் முடிந்தது.
நாட்றாம்பாளையம் வளைவில் ஒற்றை யானை.
இஞ்சினை அணைத்துவிட்டு நாற்பது நிமிடம்
அதன் காது ஆடுவதையே பார்த்திருந்தோம்.
அவன் மாதாவைக் கூப்பிட்டான்.
பலகையை ஏன் வெள்ளையாக வாங்கினேன் என்று
நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கோவளத்தில் மூன்றாம் கையாக வாங்கியது.
லாரி கேபின் ஒட்டும் கடையில்
இரண்டு இடத்தில் ஃபைபர் பூசித் தந்தார்கள்,
எதற்கென்று கேட்டதற்கு "கதவு" என்றேன்.

கரையில் வனத்துறைப் பலகை.
வெயில் தின்றது போக மிச்சம்:
முதலைகள் உள்ளன. குளிக்க

ரப்பர் உடை ஒன்றுதான். மாற்றி மாற்றிப் போடுகிறோம்.
அவன் கழற்றித் தந்ததற்குள் நான் இறங்கியபோது
முதுகுப் பக்கம் கொஞ்சம் சூடு மீதி இருந்தது.
அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

தண்ணீர் முதலில் கணுக்காலைக் கடித்தது.
அப்புறம் கணுக்கால் இல்லை.
நெற்றிக்குள் ஆணி ஒன்று மெதுவாக இறங்கியது.
மருதமரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துச்
சுழியோரமாக நழுவி, பலகையில் ஏறி,
முட்டி, பாதம்,
கயிற்றை விட்டேன்.

காவிரி முழுக்க என் காலுக்கடியில் ஓடியது.
நான் அங்கேயே இருந்தேன்.
மருதமரம் அங்கேயே இருந்தது,
டெல்வினின் திறந்த வாய் அங்கேயே இருந்தது.
மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில்
எங்கும் போகாமல் இருந்தேன்.
எதிர்ப்பாறையில் ஒரு நீர்நாய் மீனைத் தின்பதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தது, பிறகு மீனுக்குத் திரும்பிவிட்டது.

ஆலையில் அச்சுத்தண்டுகளை அளப்பது என் வேலை.
மயிரிழைப் பிசகையும் பிடித்துத் தள்ளிவிடுவேன்.
அங்கே ஆறு ஒரு சாண் இறங்கியதை
நான் கவனிக்கவே இல்லை.
மேலே யாரோ திருகை மூடியிருக்கிறார்.
அலையின் தோள் மெலிந்தது.
காலுக்குக் கீழே பச்சை கறுப்பானது.
கறக்,
பலகையின் துடுப்பு பாறையோடு போனது,
முட்டித் தோலும் கொஞ்சம்.

டெல்வின் இருநூறு அடி கீழே
கழுத்துப்பட்டியைப் பிடித்து என்னை இழுத்துப்போட்டான்.
"எவ்ளோ நேரம் நின்னேன்?"
"பதினொண்ணு."
"நிமிஷமா?"
"செகண்டு. ஒழுங்கா மூச்சு விடு மொதல்ல."

அஞ்செட்டியில் சிக்னல் வந்ததும் முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன்.
ஐயாயிரத்து எழுநூறாம்.
நாளைக்கு எவ்வளவு என்றேன்.
"அதை என்னையா கேக்கற?" என்றார்.

இரண்டாம் ஷிப்ட், சாயங்காலம் ஐந்தரை.
நாற்பத்து மூன்றாவது தண்டை அளக்கத் தலைசாய்த்தபோது
இடது காதுக்குள் ஏதோ உடைந்து,
ஆறு, வெதுவெதுப்பாக,
பரிசோதனைத் தாளில் ஒரு சொட்டு விழுந்தது.
எண்ணைச் சுற்றி மை ஊறியது.
சூப்பர்வைசர் பார்க்குமுன்
முழங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.