காசளவு பேட்டரி

சின்னத்துறை மீனவர் சங்கத்தில்
கம்ப்யூட்டர் எழும்பவில்லையென்று
செலின்மேரி மூன்றுதரம் விளித்தாள்.

"கரண்டு இருக்கு, ஃபேன் சுத்துது,
ஸ்கிரீன்தான் கறுத்துக் கெடக்கு."

மூடியைக் கழற்றினேன்.
உள்ளே பிசுபிசுவென உப்பு.
விசிறியடியில் காய்ந்துபோன பல்லிக்குஞ்சு.
ராமை உருவி
அவள் மகனின் அழிரப்பரால் தேய்த்தேன்.
ரப்பரில் மாம்பழ வாசம்.
மாட்டினேன்: நீளமாய்க் கத்தியது.
காது இரண்டும் பூட்டும்வரை அமர்த்தி மாட்டினேன்:
குட்டையாய் ஒரே ஒரு பீப்.
அது நல்ல சகுனம்.

வெளிச்சம் வந்தது.
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

"பேட்டரி செத்தா
பெட்டி பிறந்த வருசத்துக்குப் போயிரும்" என்றேன்.
"அப்பம் அதுக்கு ஒண்ணும் தெரியாது, என்னா?"
நான் நாற்பது ரூபாய் பேட்டரியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பிளஸ் பட்டனைத் தட்டித் தட்டி
வருசத்தை ஏற்றினேன்.
பத்து. பதினொன்று. பதினாறு.
பதினேழில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"கொஞ்சம் நில்லும்."

கீழே கரையில்
சாளைக்கு ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள்.
ஜன்னல் திறந்துதான் கிடந்தது,
அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு அவளே அமுக்கினாள்,
ஒவ்வொன்றாய் அல்ல,
விரலை எடுக்காமல்.
இந்த வருசத்தையும் தாண்டி
எங்கேயோ போய் நின்றது.

மைனஸைத் தட்டி
நான்தான்
திருப்பிக் கொண்டுவந்தேன்.