பகல் காட்சி

சொட்டு மருந்து விட்டால்
நாலு மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது என்று
பினாங்குப் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.
வெளியே வந்தால் வெயில்,
முகத்துக்கு நேரே யாரோ
ஈர வேட்டியை உதறிப் பிடித்த மாதிரி.
எதிரே வருகிறவர்களுக்கு ஓரமே இல்லை.
நாத்தனார் பவளமணிதான் சொன்னாள்:
இருட்டாக ஓர் இடம், குளிராகவும் இருக்கட்டும்,
கொம்தார் பக்கம் படத்துக்குப் போகலாம்.
என்ன படம் என்று நான் கேட்கவில்லை.
புதன்கிழமை, சீட்டு பாதி விலை.

கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது,
கண் போகிற ஒருத்தியின் கதை.
பவளமணி சோளப்பொரி மெல்வதை நிறுத்தினாள்.
"எழுந்து போயிடலாமா அண்ணி?"
"காசு குடுத்தாச்சு, உக்காரு."

ஏதோ ஐரோப்பிய ஊர். மூன்று மாடி வீடு.
மின்னல் வெட்டும்போதெல்லாம்
அவளுக்குக் கொஞ்சம் பார்வை குறைகிறது,
பில் கட்டாத வீட்டுக் கரண்ட் போல.
இடி மட்டும் நேரம் தவறுவதில்லை,
நான் ஓட்டும் ஃபாக்டரி பஸ்ஸைவிட ஒழுங்கு.
துரத்துகிறான்; அவள் படியில் ஓடுகிறாள்,
சுவரைத் தொடாமல்.
எவளடி சுவரைத் தொடாமல் இறங்குவாள்?
பாயா தெருபோங் ஃபிளாட்டில்
லிஃப்ட் கெட்டுப்போகிற நாளெல்லாம்
ஏழு மாடியும் தொட்டுத்தான் இறங்குகிறேன்.
எந்தத் திருப்பத்தில் சுண்ணாம்பு உப்பியிருக்கிறது என்று
என் விரலைக் கேளுங்கள்.

கொலைகாரன் யாரென்று
பாதிப் படத்திலேயே பூனைக்குக்கூடத் தெரியும்.
அப்புறம் திரை முழுக்கக் கறுப்பு.
குருடாகிவிட்டாளாம்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கறுப்பாவது பார்க்கக் கிடைக்கிறதே, அம்மா.
எனக்கு
முன்னால் போகிற லாரியின் நம்பரில்
நடு எண் வராது.
அந்த இடத்தில் ஓட்டையும் இருக்காது;
அக்கம்பக்கத்துத் துணியை இழுத்து
மூளையே தைத்துவிடுகிறது.
அரிசியில் கல் இருக்காது. பல்லில் இருக்கும்.
மோட்டார்சைக்கிள் வராது,
வந்துவிட்டிருக்கும்.

திகில் எடுக்கத் தெரியாதவர்கள்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
இன்று காலை, மருந்துக்கு முன்னால்,
ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள்.
ஒரு கண்ணுக்குப் பட்டை.
புள்ளி மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும்.
மின்னவில்லை.
மின்னவில்லை.
மின்னாமலிருப்பதன் நீளத்தை எண்ணிக்கொண்டிருந்தவள்
பிறகு அமுக்கினேன்.
சும்மா, ஒரு தாளத்துக்கு.
நம்பும்படி இடைவெளி விட்டு விட்டு.
சின்னப் பெண், அந்தத் தாதி,
தாளை இழுத்துப் பார்த்தாள். திட்டவில்லை.
"இன்னொரு தடவை, காக்" என்றாள் மலாயில், மெதுவாக.
பொய்யையும் அந்த மெஷின் எண்ணுகிறதாம்.
நூற்றுக்கு முப்பத்து மூன்று.

திரையில் அலறிக்கொண்டிருந்தாள்.
நான் கதவுக்கு மேலே
பச்சையாய் எரிந்த கெலுவாரைப் பார்த்தேன்.
வலக்கண்ணைப் பொத்தினேன்.
ஆறு ரூமி எழுத்தில் நாலு.
கொஞ்சம் பார்வையை நகர்த்தினால் போனது வந்தது,
இருந்தது போனது.
மருந்து, மருந்து என்று சொல்லிக்கொண்டேன்.
படம் முடிந்தது எனக்குத் தெரியாது.

"பயமா இருந்துச்சா அண்ணி?"
"திகில்னு சொல்லி ஏமாத்திட்டானுங்க."

பஸ் சாவி அவள் கைப்பையில்.
ஆறேகாலுக்கு ஆயர் ஈத்தாம் முனையில்
இரவு வேலைக்கு முப்பத்தெட்டுப் பெண்கள் ஏறுவார்கள்.
ஒவ்வொருத்தியும் ஒரு "அக்கா" சொல்லி ஏறுவாள்.
அந்தச் சொல்லை வைத்துத்தான்
யார் யாரென்று கண்டுபிடிக்கிறேன் என்பது
அவர்களுக்குத் தெரியாது.

"நாலு மணி நேரம் ஆச்சு" என்றாள் பவளமணி.
பையைத் திறக்கவில்லை.
நானும் கையை நீட்டவில்லை.
நகரும் படிக்கட்டின் கைப்பிடியைத்
துழாவிப் பிடித்தேன்.
ரப்பர், லேசான சூடு,
நடுங்கிக்கொண்டே கூட வந்தது.