மீனாட்சிபுரம், அவிட்ட இரவு

பதினோரு நாளைக்கு ஒருமுறை செத்துக்கொண்டிருந்தது
பால் சோதனைச் சாவடியின் சர்வர்,
டேங்கர்கள் வரிசைகட்டும் நேரமாகப் பார்த்து.
தட்டி எழுப்புவார்கள். எழும்.
மறுபடி கொஞ்சங் கொஞ்சமாய் வீங்கும்.

ஓணம் முடியட்டும் என்று காத்திருந்தேன்.
அவிட்டத்தன்று வண்டி குறைவு.
நினைவகத்தைத் தணிக்கை செய்யும் கருவிக்குள்
நிரலை ஏற்றி ஓடவிட்டேன்.
எந்த வரியில் வாங்கினாய், எங்கே திருப்பிக் கொடுத்தாய்,
பைட் பைட்டாகக் கேட்கும் அது.
கேட்டுக் கேட்டே எல்லாம் இருபது மடங்கு மந்தம்.
முதல் வண்டியின் எண் திரையில் விழுவதற்குள்
ஓட்டுநர் ஒரு பீடியை முடித்திருந்தார்.

கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு.
நான் போனாலும் நிற்காதே என்கிற சொல்லைக்
கட்டளைக்கு முன்னால் போட்டேன்.
விசைப்பலகையில் காகிதம் ஒட்டினேன்:
தமிழில் தொடாதே, மலையாளத்தில் தொடருது.
தமிழாக வாசித்தாலும் அது பொய்யில்லை.

முறையாக விடைபெற்றால்தான் முழுக் கணக்கும் வரும்.
கரண்டைப் பிடுங்கினால் பாதியில் வாயை மூடிவிடும்.
காவலர் வேலுண்ணிக்கோ
இடி கேட்டால் எல்லாவற்றையும் அணைக்கிற பழக்கம்.

இரண்டரை மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில்
இடி கேட்டு எழுந்து உட்கார்ந்தேன்.
போன் செய்யவில்லை.
எடுக்க ஓடிவந்து ஒயரைத் தடுக்கிவிடுவார்.

காலையில் போனால்
ஃபேன், டியூப்லைட், அவருடைய ரேடியோ
எல்லாம் பிடுங்கிக் கிடக்கிறது.
ஒற்றைப் பச்சைப் புள்ளிக்கு எதிரே
நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

போதும், நில் என்றேன் மெதுவாக.
நின்று, எழுதியது:
நிச்சயமாய் இழந்தவை
இருபத்தோரு லட்சத்து ஐம்பதாயிரத்து நானூறு பைட்,
ஏழு துண்டுகளில். வரி 412.

எண் தகட்டைப் படமெடுக்கும் வரி.
சீட்டு அச்சானதும் படம் அழியும்.
சீட்டு வாங்காமல் திரும்பிப்போனவனின் படத்தை
என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை.
கையில் பிடித்தபடியே நின்றிருக்கிறது.

'ராத்திரி எத்தனை வண்டி திரும்பிச்சு?'
விரல் மடக்கினார் வேலுண்ணி.
ஒன்றில் பால் திரிந்துவிட்டது.
ரெண்டுக்குப் பேப்பர் இல்லை.
ஒன்று வழிதவறிய வைக்கோல் லாரி.
ஒருத்தனுக்கு வீட்டிலிருந்து போன்,
பேசி முடிக்காமலே திருப்பிவிட்டான்.
ஒருத்தன் டீ குடித்துவிட்டுப் போனான்.
ஏழாவது ஏனென்று தெரியாது.

விடு என்று ஒரு வரி சேர்த்தேன்.
'அப்ப திரும்பினவங்க படமெல்லாம்?'
'அப்பவே போயிடும்.'

யோசித்தார்.
'அந்த டீ குடிச்சவனோடத மட்டும் வையுங்கோ.
ரெண்டு டீக்குப் பாக்கி.'