யார் வயல்?

முப்பத்தொரு வருஷம் கரும்புக்குத் தீ வைத்தவன் சுக்லால்.
பெர்பீஸ் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
காற்று எப்போது திரும்பும் என்று
கம்பெனி இவனைத்தான் கேட்கும்.
எச்சில் தொட்ட விரலை ஒருமுறை உயர்த்துவான்.
பிறகு வயலின் நாலு ஓரமும் பற்றிக்கொள்ளும்.
தோகை எரியும், பாம்பு ஓடும், எலி ஓடும்,
தண்டு மட்டும் கறுத்து நிற்கும் உள்ளே சாறோடு.
விடிந்தால் வெட்டலாம்.

அந்தச் சாம்பல் என் கொடியில்தான் வந்து இறங்கும்,
விரல் நீளத்துக்கு, எடையே இல்லாமல்.
ஈரத் துணியில் ஒட்டிக்கொள்ளும்,
தொட்டால் மையாகிவிடும்.
எத்தனை சட்டையை இரண்டாம் தரம் துவைத்தேன்,
எத்தனை தரம் திட்டினேன்,
அவனை, கம்பெனியை, காற்றை.

ஆலை மூடி ஐந்து வருஷம்.
என் துணிகள் வெள்ளையாகவே காய்கின்றன.
பார்க்கப் பிடிக்கவில்லை.

இன்று வீட்டில் ஹோமம்.
பண்டிட் ஹேமராஜ் மோட்டார் சைக்கிளில் வந்தான்,
தலைக்கவசத்துக்குள் மாவிலை.
மண்ணும் சாணமும் குழைத்து நான் கட்டிய குண்டம்.
மா விறகு, கற்பூரம், எள், ஒரு டின் நெய்.
கொடிக்கென்று வெட்டிய மூங்கில் வேலியில் சாய்ந்திருக்கிறது,
சிவப்புத் துணி இன்னும் தைத்தபாடில்லை.

குச்சியைச் சுக்லால்தான் கிழித்தான்.
ஒரே உரசல்.
கண் மட்டும் தென்னை உச்சிக்குப் போனது, காற்றுப் பார்க்க.
"அங்கிள், இது அடக்கமான தீ" என்றான் பையன்.
"தீயில் அப்படி ஒரு ஜாதி கிடையாது" என்றான் இவன்.

நெருப்பு தேவர்களுக்கு வாய் என்றான் பண்டிட்.
வாய் எங்களுக்குத் தெரியாததா.
ஆலைக்கும் ஒன்று இருந்தது, இரவும் பகலும்.

ஒவ்வொரு கரண்டி நெய்க்கும் ஸ்வாஹா,
ஒவ்வொரு ஸ்வாஹாவுக்குப் பின்னும்
இதம் ந மம.
ஏழாவதிலோ எட்டாவதிலோ கையை நிறுத்தினான்.
"அதற்கு என்ன அர்த்தம்?"
"இது என்னுடையது இல்லை."

நின்ற கை நின்றதுதான்.
பாயில் நெய் சொட்டுகிறது.
"அதைத்தானே ஆயுசு முழுக்கச் சொன்னேன்.
நிலம் என்னுடையது இல்லை, கரும்பு இல்லை,
தீப்பெட்டிக்குக்கூடக் கையெழுத்துப் போட்டேன்.
அப்போ அதெல்லாம் ஹோமமா?"

பையன் புத்தகத்தைப் பார்த்தான்.
புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது.

சுக்லால் எழுந்து பின்பக்கம் போனான்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
கத்தி விழும் சத்தம், ஒரே வெட்டு.
கால்வாய்க் கரையில் ஒரு குத்துக் கரும்பு நட்டிருந்தோம்,
குவீன்ஸிலிருந்து பிள்ளைகள் வந்தால் கடிக்கட்டும் என்று.
அவர்கள் வரவில்லை,
அது கூரையைத் தாண்டிவிட்டது.
முழுக் கழியைத் தோளில் போட்டு வந்தான்,
தோகை தரையில் கோடு கிழிக்க.

கணுவுக்கு ஒன்றாய் நறுக்கினான்.
முதல் துண்டை முகர்ந்தான்.
"இது என்னுடையது" என்றான்,
கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.
உடனே போடவில்லை.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்,
சொந்தப் பொருளை வைத்திருக்கிறவன் வைத்திருப்பதுபோல்.
பண்டிட் அவசரப்படுத்தவில்லை. நல்ல பையன்.

பிறகு ஸ்வாஹா.
பிறகு, பல் போன வாயில் இடறி,
இதம் ந மம.

சாறு சீறியது, நுரைத்தது, பழுப்பேறிக் கரிந்தது.
அந்த வாசம்!
தெருவில் கதவு கதவாய்த் திறந்தது.
எதிர்வீட்டுக் கம்ப்டன், நாற்பது வருஷம் வெட்டியவன்,
பனியனோடு வெளியே வந்து மூக்கைத் தூக்கி
"யார் வயல்?" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
சுக்லால் தோகையையும் மடித்துக் குண்டத்தில் வைத்தான்.

சாயங்காலம் பிரசாதம் கொடுத்து முடித்து
கொடிப்பக்கம் போனேன்.
துணி எடுக்க மறந்திருக்கிறேன்.
அவன் வெள்ளைச் சட்டையில் ஒன்றே ஒன்று,
விரல் நீளத்துக்கு.

தொடவில்லை.
காயட்டும் என்று விட்டுவிட்டேன்.